உம்மா விட்டுச்சென்ற கத்தி

உம்மா வபாத்தாகிச் சில மாதங்கள் கழிந்த பின்னர் பிள்ளைகள் கூடி அமர்ந்து அவர் விட்டுச்சென்றவற்றைப் பங்கிட்டுக் கொள்வது நமது ஊர்களில் வழக்கம். வளவு, வயற்காணி, நகை, வங்கியில் கிடக்கும் பணம் எல்லாம் பேசப்படும். குசினிச் சாமான்களைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. கிழக்கிலங்கையில் வீடு பெண் பிள்ளைக்கே சீதனமாகச் சேர்வதால், அந்த வீட்டின் அம்மியும் உரலும் அருவாமணையும் கத்தியும் பேச்சில்லாமலே அந்த மகளுடையவை ஆகிவிடுகின்றன. ஆனால் காணி உறுதி பற்றி வராத மனத்தாங்கல், சில வேளைகளில் ஒரு குசினிச் சாமானைப் பற்றி வந்துவிடுவதுண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் மஸ்அலா கேட்டு என்னிடம் வந்த இரு சகோதரிகளின் விவகாரம் அப்படிப்பட்டது. பொருள் ஓர் இறைச்சிக் கத்தி. எருமைக்கொம்புப் பிடி. ஒரு காலத்தில் நாலு விரல் அகலம் இருந்திருக்க வேண்டிய அலகு தீட்டித் தீட்டி இரண்டு விரலாகத் தேய்ந்து, நடுவில் பிறைபோல உள்வாங்கிக் கிடந்தது. அவர்களின் மூத்தம்மாவின் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருப்பது. சந்தையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நேரக் கறிக்கான காசும் தேறாது.

“உம்மாவக் கடசிமட்டும் பாத்த நான் மௌலவி” என்றார் மூத்தவர்.

“ராத்தாக்கு வீடும் வளவும் இரிக்கி. எனக்கு உம்மாட கைபட்ட சாமான் ஒண்டாவது வேணும்” என்றார் இளையவர். உம்மா மாங்காய் சீவித் தந்ததும், நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் அரிந்ததும் அந்தக் கத்தியால்தான் என்று சொல்லும்போது அவர் குரல் தளதளத்தது.

இப்படியான சில்லறை விடயத்துக்கு மார்க்கத்தில் சட்டம் உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு இருக்கிறது, அந்தப் பொருள் சிறிதானாலும் பெரிதானாலும் சரியே என்ற கருத்து ஸூரத்துந் நிஸாவின் 7ஆவது வசனத்தில் வருகிறது. கத்தியும் சொத்துத்தான். வாரிசுகளில் ஒருவர் மற்றவர்களின் சம்மதமின்றி அதனைத் தமதாக்கிக்கொள்ள முடியாது. துண்டாக்கிப் பிரிக்க முடியாத பொருளை ஒருவர் எடுத்துக்கொண்டு, மற்றவர் அதற்கு ஈடாக வேறொன்றைப் பெற்றுக்கொண்டு விலகுவதற்கு இடமுண்டு. இதனைப் பிக்ஹு நூல்களில் ‘தகாருஜ்’ என்பார்கள். அவர்களின் தம்பி ஏற்கெனவே “எனக்கு வேணாம்” என்று விட்டுக்கொடுத்திருந்தார். ஆகவே மிஞ்சியது இருவருக்கும் சரிபாதி.

நான் சட்டத்தைச் சொல்லிவிட்டு, ஸுலைமான் நபி (அலை) அவர்களின் காலத்துச் சம்பவத்தையும் சொன்னேன். இரண்டு பெண்கள். இருவருக்கும் கைக்குழந்தைகள். ஓநாய் ஒரு குழந்தையைத் தூக்கிச் சென்றுவிட, எஞ்சிய குழந்தை தன்னுடையதே என்று இருவரும் வழக்காடுகிறார்கள். தாவூத் நபி (அலை) மூத்தவளுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். வெளியே வந்தவர்களிடம் ஸுலைமான் (அலை), ஒரு கத்தியைக் கொண்டுவாருங்கள், பிள்ளையை இரண்டாகப் பிளந்து தருகிறேன் என்கிறார்கள். இளையவள் பதறிப்போய், வேண்டாம், அது அவளுடைய பிள்ளையாகவே இருக்கட்டும் என்கிறாள். அதைக் கேட்டதும் பிள்ளை இளையவளுக்குத்தான் என்று தீர்ப்பாகிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் இது.

கதை முடிந்ததும் தங்கை, “அப்ப எளையவளுக்குத்தானே மௌலவி” என்றார். மூத்தவரும் சிரித்துவிட்டார். பிறகு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருடம் முழுவதும் கத்தி ராத்தா வீட்டில் இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள் தங்கை வீட்டுக்குப் போய், இறைச்சி வேலை முழுவதும் முடிந்த பின்னர் திரும்பி வரும்.

ஸிக்கீனும் முத்யாவும்

அந்த ஹதீஸின் கடைசியில் மாணவர்கள் பெரும்பாலும் கவனியாமல் விட்டுவிடும் ஒரு வசனம் இருக்கிறது. அதனை அறிவிக்கும் அபூஹுரைரா (ரழி) அவர்கள், கத்திக்கு ‘ஸிக்கீன்’ என்ற சொல்லை அன்றுதான் தாம் முதன்முதலில் கேட்டதாகவும், தாங்கள் அதனை ‘முத்யா’ என்றே சொல்லிவந்ததாகவும் கூறுகிறார்கள். அவர்கள் தவ்ஸ் கோத்திரத்தார். மக்காவில் இறங்கிய ஸூரா யூஸுபில், விருந்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஸிக்கீன் கொடுக்கப்பட்டதாக வருகிறது. தவ்ஸ் வீடுகளிலோ அதன் பெயர் வேறு. உம்மாவின் அடுப்படியில் கேட்டு வளர்ந்த சொல் மனிதனை எவ்வளவு காலம் விட்டுப் போகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் ஊர்களிலும் அப்படித்தானே! நெல்லறுப்பதை மட்டக்களப்புப் பக்கத்தார் தாக்கத்தி என்பார்கள். மடித்து மடியில் செருகுவது வில்லுக்கத்தி. ஓலை வார்வதற்குப் பெண்கள் வைத்திருப்பது சத்தகம். தேங்காய் உடைக்கவும் விறகு கொத்தவும் உதவுவதைச் சிங்களச் சொல்லோடு சேர்த்து மன்னாக் கத்தி என்கிறோம்.

கத்தி ஆண்களின் ஆயுதம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். உழ்ஹிய்யாவுக்காக ஓர் ஆடு கொண்டுவரப்பட்டபோது, கத்தியை எடுத்துவரும்படியும், அதனைக் கல்லில் தீட்டித் தரும்படியும் நபி (ஸல்) அவர்கள் கேட்டது ஆயிஷா (ரழி) அவர்களிடம். அவர்கள் தீட்டிக் கொடுத்த கத்தியால்தான் அந்த உழ்ஹிய்யா நிறைவேறியது. மற்றது, கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் ஆடுகளை ஸல்உ மலையடியில் மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பணிப்பெண் பற்றியது. ஓர் ஆடு சாகும் தறுவாயில் கிடப்பதைக் கண்டு, கையில் கத்தி இல்லாததால் ஒரு கல்லை உடைத்து, அதன் கூரான விளிம்பால் அறுத்துவிட்டாள். அதனைச் சாப்பிடலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். எங்கள் வீட்டில் பெருநாளைக்கு முந்திய இரவு கத்தி தீட்டுவது உம்மாவின் வேலை. வாப்பாவுக்கு அந்தக் கைப்பக்குவம் வராது என்பது உம்மாவின் கட்சி. அது உண்மையும்கூட.

அறுக்கும் பிராணியின் கண்முன்னே கத்தி தீட்டக் கூடாது என்பதும், கத்தி கூராக இருந்து பிராணிக்கு வேதனை குறைய வேண்டும் என்பதும் நமது வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒழுங்குகள். கத்தியை நீட்டும்போது பிடி மற்றவர் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் உம்மாமார்தான் பழக்கினார்கள். இவற்றோடு கலந்து வேறு சிலவும் வந்துவிட்டன. பிள்ளை பெற்றவளின் தலையணைக்கடியில் கத்தியோ பாக்குவெட்டியோ வைத்தால் ஜின் அண்டாது என்பது அதில் ஒன்று. ஆயிஷா (ரழி) அவர்களிடம் துஆவுக்காகக் கொண்டுவரப்பட்ட குழந்தையொன்றின் தலையணைக்கடியில் சவரக் கத்தி இருந்ததைக் கண்டு அதனை அவர்கள் எடுத்து வீசியதாக இமாம் புகாரியின் அல்அதபுல் முப்ரதில் ஒரு செய்தி வருகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பற்றி முஹத்திஸ்களிடம் ஆட்சேபணை உண்டு. தொடர் எப்படியிருப்பினும், பச்சைப் பிள்ளையின் தலைமாட்டில் கத்தி வைப்பது ஆபத்து என்பதை அறிய ஹதீஸ்கலை படித்திருக்க வேண்டியதில்லை.

ஸரந்தீபின் இரும்பு

நமது பழைய கத்திகளின் இரும்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய ரிஸாலாவில் ஸரந்தீபின் பெயரால் வழங்கிய வாள்களையும் குறிப்பிடுகிறார். இந்தச் சின்னத் தீவின் இரும்பு பக்தாத் வரை பேசப்பட்டது எப்படி என்பதற்குச் சமனலவெவப் பகுதியில் விடை கிடைத்தது. மலைச்சரிவுகளில் மேற்குமுகமாகக் கட்டப்பட்ட பழைய இரும்பு உலைகளைத் தொல்பொருளியலாளர் ஜில் ஜுலெஃப் அங்கு ஆராய்ந்தார். ஜூன் தொடக்கம் வீசும் பருவக்காற்றே அந்த உலைகளுக்குத் துருத்தி. அதேபோன்ற உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, அதில் உயர்ந்த உருக்கும் உண்டாவதைக் காட்டிய அவரது ஆய்வு 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது.

அரசர் காலத்துக் கண்டிக் கத்திகளைப் பார்க்க விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம். கொம்பிலும் தந்தத்திலும் பிடி, பித்தளையிலும் வெள்ளியிலும் கொடிவேலைப்பாடு. ஓலையில் எழுதும் எழுத்தாணியும் கத்தியும் ஒரே உறையில் கிடந்த காலம் அது. 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்பதையும் போகிற போக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

நமது அடுப்படிக் கத்திகளுக்கு இந்த அலங்காரம் கிடையாது. ஊர்க் கொல்லர் பழைய லொறியின் வில்லுத் தகட்டைக் காய்ச்சி அடித்துக் கொடுத்தவையே அவற்றில் பல. லொறியின் பாரத்தைத் தாங்கிய உருக்கு என்பதால் அதன் உறுதிக்குக் குறைவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹரி பிரேயர்லி என்பவர் 1913இல் துருப்பிடிக்காத உருக்கை வார்த்த பின்னர்தான் இன்று நாம் கடையில் வாங்கும் பளபளப்பான கத்திகள் உலகமெங்கும் பரவின. உம்மாமாரின் கத்தி அதற்கு முந்திய வகை. வாழைப்பூவையோ புளிமாங்காயையோ வெட்டினால் அலகு கறுக்கும். ஈரத்தோடு ஓர் இரவு கிடந்தால் துருப்பிடிக்கும். ஆனால் கோப்பையின் அடி விளிம்பில் நாலு இழுவை இழுத்தாலே கூர் வந்துவிடும்.

இப்படியொரு கத்தி வீட்டில் இருந்தால் அதன் கறுப்பு நிறத்தை இரும்புப் பஞ்சு போட்டுத் தேய்த்துப் போக்க வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கன்று. துரு ஏறாமல் அதுவே ஓரளவு காக்கிறது. செந்துருவை மாத்திரம் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்து எடுத்து, கழுவி, உடனே துடைத்து, மெல்லிய தேங்காயெண்ணெய் பூசினால் போதும். பிடி ஆடினால் அரக்குக் காய்ச்சி ஊற்றி இறுக்கித் தரும் கொல்லர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சைக்கிளில் சக்கரம் பூட்டிக்கொண்டு வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதாயின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பொறி பறக்கப் பறக்க அழுத்தினால் அலகு சூடேறி, உருக்கின் உரம் போய்விடும். தேய்ந்த கத்தியில் ஒரு நிமிட அவசரம் பத்து வருடத் தேய்மானத்துக்குச் சமம்.

கைவிட்டுப் போனவை

வீட்டில் ஒரு பழைய கத்தி இருப்பது அந்தக் குடும்பம் இடம்பெயராமல் இருந்தது என்பதற்கும் அடையாளம். நமது சமூகத்தில் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது 30ஆம் திகதி நடந்தது. இரண்டு மணித்தியால அவகாசம். நகையும் பணமும் பறிக்கப்பட்ட அந்த வேளையில் அருவாமணையைப் பற்றி யார் நினைத்தார்கள்! புத்தளத்தில் நான் படிப்பித்த காலத்தில், சோனகத் தெருவிலிருந்து வந்த ஒரு தாய் தமது வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பாக்குவெட்டியைப் பற்றிச் சொல்வார். பித்தளையில் கிளிமுகம் வைத்தது. கலியாணத்தின்போது மாமியார் கையில் கொடுத்ததாம். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் மகனோடு போய்ப் பார்த்திருக்கிறார். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, குசினிக்குள் மரம் முளைத்திருந்தது. பாக்குவெட்டி கிடைக்கவில்லை. பின்வாசலில் கருங்கல் படி மட்டும் அப்படியே இருந்ததாம். அதன் ஓரத்தில், மூன்று தலைமுறைப் பெண்கள் கத்தி தீட்டியதால் விழுந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்ததாம். அந்தத் தண்ணீரில் கைவைத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது மருதமுனை தொடக்கம் சாய்ந்தமருது வரை கடற்கரையோரக் குசினிகள் மணலோடு மணலாகின. அங்கே உயிர்களின் கணக்கே பெரிதாக இருந்ததால் பொருட்களின் கணக்கை எவரும் பார்க்கவில்லை.

மூன்றாவது இழப்பு வேறு விதமானது. கத்திகளை எவரும் வந்து பறிக்கவில்லை, கடலும் கொண்டுபோகவில்லை. நாமே எறிந்தோம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்ட மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். தொழுகையில் இருந்த தாய்மாரும் பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர். முஸ்லிம் பெயர் தாங்கிய ஒரு கூட்டம் செய்த அந்தப் பாதகத்தின் பாரம் நமது சமூகத்தின் தலையில் இறங்கியது. நாடெங்கும் தேடுதல் நடந்தது. மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்குமாறு பொதுமக்களுக்கு அறிவித்தல் வந்தது. அன்றாட வேலைக்கு உபயோகிக்கும் கத்திகளுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லப்பட்டது. ஆனால் பயத்தில் இருப்பவர்களுக்கு அறிவித்தலின் இரண்டாம் பாதி காதில் விழுவதில்லை. எவ்வளவு நீளம் பெரியது? இறைச்சிக் கத்தி எந்தக் கணக்கில் சேரும்? தொலைக்காட்சிச் செய்தியில் கைப்பற்றப்பட்ட பொருட்கள் என்று வரிசையாகப் பரப்பிக் காட்டியவற்றில் தேங்காய் வெட்டும் கத்தியைப் போன்றவையும் கிடப்பதைப் பார்த்த பெண்கள், இரவோடிரவாகக் குசினியைத் துழாவினார்கள்.

அந்த நாட்களில் எத்தனையோ வீட்டுக் கத்திகள் ஆற்றுக்கும் குளத்துக்கும் பாழ்கிணற்றுக்கும் போயின. உழ்ஹிய்யாவுக்கென்று வாப்பாமார் துணியில் சுற்றி அசைவில் வைத்திருந்தவை, தாக்கத்திகள், கொப்பு வெட்டும் கத்திகள், ஒஸ்தாமார் பரம்பரையாக வைத்திருந்த சவரக் கத்திப் பெட்டிகள். சுன்னத்துக் கலியாணங்களை டொக்டர்மார் பொறுப்பேற்ற பிறகு அந்தப் பெட்டிகளுக்கு வேலை இல்லாமற் போயிருந்தது உண்மைதான். ஆனாலும் ஓர் ஊரின் ஆண்பிள்ளைகள் எல்லோரும் அலறியழுத ஞாபகம் அதற்குள் இருந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் போய்விட்டன. சட்டம் கேட்காததைப் பயம் கொடுத்துவிட்டது என்றுதான் இதனைச் சொல்ல வேண்டும். பயந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் வயதுவந்த மகன் இருக்கும் தாய்க்குக் கத்தியா பெரிது? அந்த ஓகஸ்ட் மாதத்து ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பல வீடுகளில் கடையில் வாங்கிய புதுக்கத்திகள்தான் இருந்தன. அறுக்க வந்தவர் இரண்டாவது ஆட்டுக்கே கூர் போய்விட்டதென்று முணுமுணுத்தார்.

என்னிடம் படித்த பிள்ளையொன்றின் தாய், மாமியாரின் இறைச்சிக் கத்தியை எறிய மனம் வராமல், பொலித்தீன் பையில் சுற்றி வளவுத் தென்னையடியில் புதைத்துவிட்டார். கணவருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாரி கழிந்து 2021இல் தோண்டி எடுத்தபோது பொலித்தீன் கிழிந்து, பிடி உக்கி, அலகின் முன்பாதி துருவில் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. கொல்லரிடம் கொண்டுபோனார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிடிப்பக்கத்தில் நாலு அங்குலம் நல்ல உருக்கு மிச்சமிருக்கிறது, அதை வைத்துச் சின்னக் கத்தி ஒன்று அடித்துத் தரலாம் என்றாராம். முதிரைப் பிடி போட்டு வாங்கி வந்திருக்கிறார். இறைச்சிக்கு அது போதாது. வெங்காயமும் பச்சைமிளகாயும் அதில்தான் வெட்டுகிறார்.